கேமராவுக்கு நிறம் கற்பிப்போம்



ஆண்டு முடிகிற சமயத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது தோட்டப் பள்ளிகளில் வழக்கம். ஓராண்டு எங்கள் பள்ளியில் அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். பள்ளியில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. வெயில் கடுமையாக இருந்ததால், முகப்பில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் பிள்ளைகளை நிற்க வைத்தேன். பதினொரு பிள்ளைகள். எல்லாரும் அழகாகச் சிரித்தார்கள். படம் நன்றாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பட்டணத்துக் கடையில் அச்சிட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. வெள்ளைச் சட்டைகள் பாசி படிந்தவை போல இலேசான பச்சையாக இருந்தன. முகங்களில் உயிர் இல்லை. கடைக்காரர், "கவலைப்படாதீங்க சார், சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டினார். சட்டைகள் வெளுத்தன. கூடவே முகங்களும் வெளுத்தன. பதினொரு பிள்ளைகளும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்பது போல இருந்தார்கள். நேரமில்லாததால் அதையே வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவியின் பாட்டி படத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரையா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இது எங்க புள்ள மாதிரி இல்லீங்களே. யாரு வீட்டுப் புள்ளையோ மாதிரி இருக்கு."

"கேமரா அப்படித்தான் எடுக்கும் பாட்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேத்தியின் நிறம் தெரியும். நான் சொன்னது பதிலே அல்ல என்பது அவர் படியிறங்கிப் போகும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

கேமரா ஏன் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது? அதைத் திருத்த வழி உண்டா? அன்று தொடங்கி நான் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நேயர்களே, ஒரு பொருளின் நிறம் அந்தப் பொருளில் மட்டும் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நிறம் உண்டாவதற்கு மூன்று வேண்டும். வெளிச்சம் ஒன்று, பொருள் ஒன்று, பார்க்கும் கண் ஒன்று. இம்மூன்றில் எது மாறினாலும் நிறம் மாறும்.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்று, பழைய குண்டு பல்பு எரியும் வீட்டின் சன்னலைப் பாருங்கள். உள்ளே எல்லாம் மஞ்சளாகத் தெரியும். உள்ளே போய்ச் சிறிது நேரம் உட்காருங்கள். மஞ்சள் போய்விடும், வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தெரியும். பல்பு மாறவில்லை. நம் கண்ணும் மூளையும் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டன, அவ்வளவுதான்.

வெளிச்சத்தின் இந்தக் குணத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பார்கள். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் ஏறத்தாழ 2,700 கெல்வின். நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 5,500 கெல்வின். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம் அதற்கும் மேலே போய் நீலம் கலந்ததாக இருக்கும். மரத்தடியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இலைகள் சிவப்பையும் நீலத்தையும் தமக்கு உணவாக்கிக்கொண்டு, பச்சையைத்தான் அதிகமாகக் கீழே விடுகின்றன. பால்மரத்தடியிலும் செம்பனையடியிலும் நாம் நிற்பது பச்சை கலந்த வெளிச்சத்தில்தான். நம் கண் பழகிக்கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை. கேமராவுக்கு அப்படிப் பழகத் தெரியாது. எது வெள்ளை என்று அது ஊகிக்கிறது. அல்லது நாம் சொல்லித்தர வேண்டும். இப்படிச் சொல்லித் தருவதைத்தான் வெள்ளைச் சமன் என்கிறோம். என் படத்தில் சட்டைகள் பச்சையானதற்குக் காரணம், கேமராவின் ஊகம் தவறிப்போனதுதான்.

சரி, வெள்ளையைச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் மற்ற நிறங்களும் சரியாகிவிடுமா? பாதிதான் ஆகும். மீதிக் காரணம் கேமராவின் உள்ளே இருக்கிறது.

நம் கண்ணில் நிறத்தை உணரும் உயிரணுக்கள் மூன்று வகை. கேமராவின் உள்ளேயும் மூன்று வகைச் சன்னல்கள் உண்டு. படத்தை வாங்கும் சில்லின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியான வடிகட்டிகள் கட்டம்போட்ட துணி போலப் பதிக்கப்பட்டிருக்கும். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் இந்த அமைப்புக்கு 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கங்களைப் பச்சைப் பகுதியில்தான் அதிகம் காண்கிறது என்பதால் பச்சைக்கு இரண்டு பங்கு. இன்று நம் கைத்தொலைபேசிகளில் உள்ள கேமராக்களும் பெரும்பாலும் இந்த வழியைப் பின்பற்றியவையே.

ஆனால் கேமராவின் மூன்று வடிகட்டிகளும் கண்ணின் மூன்று உயிரணுக்களும் ஒரே மாதிரி அல்ல. எந்த நிறத்தை எவ்வளவு வாங்குவது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கேமராவுக்குக் கேமரா அது மாறுகிறது. ஒரு கேமராவில் ஊதாப்பூ நீலமாக வரும். இன்னொன்றில் செம்பருத்தி ஆரஞ்சாக வரும்.

இதை எப்படித் திருத்துவது? நமக்குத் தெரிந்த தராசை எடுத்துக்கொள்வோம். ஒரு தராசில் 1 கிலோ படிக்கல்லை வைத்தால், அது 1 கிலோ 100 கிராம் என்று காட்டுகிறது. 2 கிலோ கல்லுக்கு 2 கிலோ 150 கிராம் காட்டுகிறது. 5 கிலோ கல்லுக்கு 4 கிலோ 900 கிராம்தான் காட்டுகிறது. இந்தத் தராசைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே கல்லுக்கு எப்போதும் ஒரே பிழையைத்தான் காட்டுகிறது என்றால், எந்த எடைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதித் தராசின் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும். கோணல் தராசிலும் நியாயமாக நிறுத்துவிடலாம்.

கேமராவுக்கும் இதேபோல ஓர் அட்டை எழுத முடியும். அதைத்தான் 'கலர் புரொஃபைல்' என்கிறார்கள். நாம் அதை நிறத் திருத்தப் பட்டியல் என்று சொல்லிக்கொள்வோம். அது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு சிறிய கோப்பு. 'இந்தக் கேமரா இப்படிக் காட்டினால், உண்மை நிறம் இது' என்று அது சொல்லும்.

தராசுக்குப் படிக்கல் இருக்கிறது. நிறத்துக்குப் படிக்கல் எது?

அதுவும் இருக்கிறது. 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ரைட், கில்டு என்னும் இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியே சோதனை செய்தார்கள். ரைட் 10 பேரையும் கில்டு 7 பேரையும் உட்கார வைத்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று விளக்குகளைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஈடான கலவையைக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். அந்தப் பதினேழு பேரின் கண்களைக் கொண்டு 1931ஆம் ஆண்டில் உலகப் பொது அளவு ஒன்று வகுக்கப்பட்டது. அதன்பின் எந்த நிறத்தையும் எண்ணால் சொல்ல முடிந்தது.

அந்த எண்களைக் கையில் பிடிக்கும் பொருளாக்கியது நிற அட்டை. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்பெத் நிறுவனத்தார் 24 சதுரங்கள் கொண்ட அட்டை ஒன்றை வெளியிட்டார்கள். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு சதுரம். வான நீலம், இலைப் பச்சை, ஒரு பூவின் நீலம் என்று நாள்தோறும் கண்ணில் படும் நிறங்கள் அதில் உண்டு. கடைசி வரிசையில் வெள்ளையில் தொடங்கிச் சாம்பல் வழியாகக் கறுப்பு வரை ஆறு படிகள். ஒவ்வொரு சதுரத்தின் நிறமும் கருவியால் அளந்து எண்ணாகக் குறிக்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் நிறம் திருத்துவோர் பயன்படுத்துவது இந்த அட்டையையும் அதன் வழிவந்தவற்றையும்தான்.

இனி, பட்டியல் தயாரிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று எண்ணும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கேமராவை 'ரா' என்னும் முறையில் வைக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குச் சமைக்காதது என்று பொருள். சாதாரணமாக நாம் எடுக்கும் ஜேபெக் படம், கேமராவே உப்பும் உறைப்பும் போட்டு இறக்கிவைத்த குழம்பு. கொதித்த குழம்பிலிருந்து உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. 'ரா' படம் கழுவி நறுக்கி வைத்த காய்கறி. சமையல் நம் கையில் இருக்கும்.

இரண்டாவது, அட்டையை எந்த வெளிச்சத்தில் ஆட்கள் நிற்கப் போகிறார்களோ அதே வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். அட்டை முழுவதும் வெளிச்சம் ஒரே சீராக விழவேண்டும். ஒரு மூலையில் நிழல் விழுந்தால் கணக்குத் தவறும். பளபளப்பும் தெரியக்கூடாது. பச்சைச் சுவர், சிவப்புச் சேலை போன்றவை பக்கத்தில் இருந்தால் அவற்றின் நிறம் அட்டையில் தெறிக்கும். ஆகையால் அவற்றை விலக்கி வைப்பது நல்லது.

மூன்றாவது, வெளிச்ச அளவு. வெள்ளைச் சதுரம் தெளிவாக இருக்கவேண்டும். ஆனால் நிரம்பி வழியக்கூடாது. பால் மங்கு நிரம்பி வழிந்துவிட்டால் மரத்தில் எவ்வளவு பால் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது அல்லவா? கேமராவின் கட்டங்களும் அப்படியே. வழிந்தால் கணக்கு இல்லை.

நான்காவது, படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பட்டியல் தயாரிக்கும் மென்பொருளில் திறக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. 24 சதுரங்களும் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிட்டால், கேமரா கண்ட நிறத்தையும் அளந்து வைத்த நிறத்தையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்து, பட்டியலை எழுதிவிடும். தராசில் 3 கிலோவுக்குக் கல் இல்லாவிட்டாலும், 2 கிலோவின் பிழையையும் 5 கிலோவின் பிழையையும் வைத்து நடுவில் உள்ளதைக் கணக்கிடுகிறோம் அல்லவா? அதேபோல 24 நிறங்களின் பிழையிலிருந்து மற்ற நிறங்களுக்கும் திருத்தம் கிடைக்கிறது.

ஐந்தாவது, அதே கேமராவில் அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களைத் திறந்து, சாம்பல் சதுரத்தைக் கொண்டு வெள்ளைச் சமனைச் சரிசெய்து, இந்தப் பட்டியலைப் பொருத்த வேண்டும். வேலை முடிந்தது.

ஒரு கேமராவின் பட்டியல் இன்னொரு கேமராவுக்கு உதவாது. ஒரு தராசின் அட்டையை இன்னொரு தராசில் தொங்கவிடலாமா? பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, மஞ்சள் பல்புக்கு ஒன்று என்று இரண்டு பட்டியலாவது வைத்திருப்பது நல்லது. அட்டையை வெயிலில் போட்டுவைத்தால் சாயம் மங்கும். உறையில் பத்திரமாக வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அட்டையின் விலை சற்று அதிகம்தான். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

இந்தப் பட்டியலால் எல்லாக் குறையும் தீருமா என்று கேட்டால், தீராது என்றுதான் சொல்லவேண்டும். தீபாவளிக்குச் சேலை எடுக்கும் தாய்மார்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். கடை விளக்கில் சேலைக்கும் ரவிக்கைத் துணிக்கும் நிறம் பொருந்தியிருக்கும். வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்தால் இரண்டும் வேறு வேறாக இருக்கும். இரண்டு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்து, மறு வெளிச்சத்தில் பிரிந்துபோவது இயற்கை. கேமராவின் கண்ணுக்கும் அப்படி ஒன்றாகத் தெரிகிற நிறங்கள் உண்டு. அவற்றை எந்தப் பட்டியலாலும் பிரிக்க முடியாது. அதேபோல, மட்டமான எல்.இ.டி விளக்குகள் சிலவற்றின் வெளிச்சத்தில் சிவப்பு மிகக் குறைவு. வெளிச்சத்திலேயே இல்லாத நிறத்தைப் பிறகு கொண்டுவர முடியாது. நல்ல வெளிச்சம் முதலில், பட்டியல் அதற்குப் பிறகு.

நேயர்களே, இது வெறும் பொழுதுபோக்குக் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். இதற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. பிலிம் காலத்தில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, கோடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு மாதிரிப் படம் ஒன்றை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படிப் படம் எடுக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் கொண்டு அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் வந்தது. அந்தப் பெண்ணின் மேனி நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். கருத்த மேனி எப்படி வருகிறது என்று அந்த அட்டையைக் கொண்டு யாரும் சோதிக்க முடியவில்லை. நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களில் சில முகங்களில் பல்லும் கண்ணும் மட்டும் பளிச்சிடுவதைக் கண்டிருப்பீர்கள். அது அந்த முகங்களின் குற்றமல்ல. 1990களில்தான் பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டையைக் கோடாக் வெளியிட்டது.

நான் சொன்ன 24 சதுர அட்டையில் முதல் சதுரம் என்ன நிறம் தெரியுமா? கருத்த மேனியின் நிறம். இரண்டாவதுதான் வெளுத்த மேனி. முதன்முதலாக அதைக் கையில் வாங்கியபோது, அந்த முதல் சதுரத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையும் மென்பொருளும் இல்லாதவர்கள் வீட்டில் என்ன செய்யலாம்? சில எளிய வழிகளைச் சொல்கிறேன். கைத்தொலைபேசியின் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். முகத்தை அழகாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் முகத்தை வெளுக்கவே செய்யும். மரத்தடியை விட்டு வாருங்கள். திறந்த வானத்தைப் பார்த்த வாசல் நிழல் மிக நல்ல இடம். பல்பு வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்து விழும் இடத்தில் நிற்காதீர்கள். வெள்ளைச் சமனுக்குச் சாதாரண எழுதுதாளைப் பிடிப்பவர்கள் உண்டு. பளிச்சென்று தெரிவதற்காக அந்தத் தாளில் நீலம் காட்டும் மருந்து சேர்த்திருப்பார்கள். அதை நம்பினால் படம் சற்று மஞ்சளாகும். படக் கருவிக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் அட்டை அதைவிட நல்லது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். குழந்தையின் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் மஞ்சள் தெரியவில்லை என்பதால் காமாலை இல்லை என்று ஆகிவிடாது. கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். செம்பனைக் குலை பழுத்ததா என்று கைத்தொலைபேசியில் படம் அனுப்பிக் கேட்பவர்களுக்கும் அதே எச்சரிக்கைதான். மங்கலான வெளிச்சத்தில் பழுத்த செங்குலையும் கருங்காயாகத் தெரியும். கீழே உதிர்ந்து கிடக்கும் பழங்கள் பொய் சொல்லாது.

சரி, அந்தப் பாட்டியிடம் திரும்புவோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஓய்வு நாள்களில் கல்யாணப் படம் எடுப்பவர். அவரிடம் அட்டையை இரவல் வாங்கினேன். பள்ளி விடுமுறை விடுவதற்கு முன் பதினொரு பிள்ளைகளையும் மறுபடியும் சீருடையில் வரச்சொல்லி, இம்முறை பள்ளி வராந்தாவில் நிற்க வைத்தேன். முதல் படத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அந்தப் பாட்டியின் பேத்திதான். இரண்டு இரவு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டியலைத் தயாரித்தேன். முதல் முறை தவறியது. என் சிவப்புச் சட்டையின் நிறம் அட்டையின் ஓரத்தில் தெறித்திருந்தது. நல்லவேளையாக, அட்டையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து எடுத்த இன்னொரு படம் இருந்தது. அது சரியாக வந்தது. அதே கடைக்குப் போய், "எதையும் மாத்தாதீங்க, அப்படியே போடுங்க" என்று சொல்லி அச்சிட்டு வந்தேன்.

பாட்டி வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். படத்தை வாசலுக்கு எடுத்துவந்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதாங்க எங்க புள்ள. அவ தாத்தா நெறம், அப்படியே இருக்கு."

நாற்பது ஆண்டு பால் வெட்டிய மனிதர் அந்தத் தாத்தா. அவருடைய படம் என்று வீட்டில் இருப்பது அடையாளக் கார்டுக்கு எடுத்த படம் ஒன்றுதான். அதுவும் கறுப்பு வெள்ளை. அவருடைய நிறம் அந்த வீட்டில் இப்போது பேத்தியின் முகத்தில்தான் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டி நான் முதலில் கொடுத்த படத்தில் அழிந்துபோனது அதுதான்.

ஆகவே நேயர்களே, உங்கள் பிள்ளைகளின் படம் வெளுத்து வந்தால் அழகாக இருக்கிறது என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். கறுத்து மங்கி வந்தால் நம் நிறம் அப்படித்தான் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டும் திருத்தக்கூடிய பிழைகள். 'உள்ள நிறத்தைக் காட்டுங்கள்' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எப்படிக் காட்டுவது என்று கற்றுக்கொள்ள நம் பிள்ளைகளாலும் முடியும்.